“இன்னும் 50 வருடத்தில் தீர்ந்துவிடும்” என்பது ஏன் 50 வருடமாகத் தீரவில்லை

ஒருவர் கேட்ட கேள்வி இது: “நான் பள்ளியில் படித்தபோது பெட்ரோல் இன்னும் 30 வருடத்தில் தீர்ந்துவிடும் என்றார்கள். இப்போது என் மகனுக்கு 50 வருடம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். இதில் எது பொய்? அணுமின்சாரத்தில் புகையே இல்லையே, அதை ஏன் நிலக்கரியோடு சேர்த்து ‘புதுப்பிக்க இயலாதது’ என்கிறார்கள்? கன்னியாகுமரி மணலில் தோரியம் கொட்டிக் கிடக்கும்போது நமக்கு என்ன கவலை?”

மூன்று கேள்விகள். அனல்மின் நிலையங்களில் பாய்லர் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்பதால் கரி பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 30, 50 கணக்கு. இரண்டுமே பொய் இல்லை. உலகம் முழுக்க “இருப்பு” என்று அறிவிக்கப்பட்ட எண்ணெயை அந்த ஆண்டு எடுத்த எண்ணெயால் வகுத்தால் ஓர் எண் வரும். 1980இல் அது சுமார் 30. 2020இல் 50ஐத் தாண்டியிருந்தது. நாற்பது வருடம் எரித்துத் தள்ளிய பிறகு ஆயுள் கூடியிருக்கிறது! காரணம், இருப்பு என்ற சொல்லை நாம் குடோனில் அடுக்கிய மூட்டைக் கணக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். அது அப்படியில்லை. பூமிக்குள் கிடப்பதில், இன்றைய விலைக்கு, இன்றைய தொழில்நுட்பத்தில், கைக்கு நஷ்டமில்லாமல் எடுக்கக்கூடியது எவ்வளவு என்பதே இருப்பு. விலை ஏறினால் இருப்பு கூடும், விலை சரிந்தால் குறையும். பூமிக்குள் ஒரு சொட்டும் மாறியிருக்காது.

தேங்காய்ப் பால் எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பால் லேசாகப் பிழிந்தாலே கெட்டியாக வரும். எண்ணெய்க் கிணறும் ஆரம்பத்தில் அப்படித்தான், உள்ளே இருக்கும் அழுத்தமே எண்ணெயை மேலே தள்ளிவிடும். அழுத்தம் இறங்கியதும் தண்ணீரையோ வாயுவையோ உள்ளே செலுத்தி எடுப்பார்கள், அது இரண்டாம் பால். அப்புறம் நீராவி, ரசாயனம், கரியமில வாயு என்று எதையாவது விட்டு ஒட்டியிருப்பதைக் கரைத்து எடுப்பது மூன்றாம் பால். இவ்வளவுக்குப் பிறகும் பெரும்பாலான வயல்களில் அடியில் கிடந்ததில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதிதான் மேலே வருகிறது. மீதி சக்கையோடு நின்றுவிடும். இன்று சக்கை என்று விட்டதை நாளைக்கு ஒருவன் புது மிக்ஸி கொண்டுவந்து அரைப்பான், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். ஹப்பர்ட் என்ற நிலவியலாளர் 1956இல், அமெரிக்க எண்ணெய் உற்பத்தி 1965க்கும் 1970க்கும் இடையில் உச்சத்தைத் தொட்டு இறங்கும் என்றார். அப்போது பலர் சிரித்தார்கள். 1970இல் நாளொன்றுக்கு சுமார் 96 லட்சம் பீப்பாய் என்ற உச்சத்தைத் தொட்டு, அவர் சொன்னபடியே இறங்க ஆரம்பித்தது. 2008இல் 50 லட்சம். ஹப்பர்ட் ஜெயித்துவிட்டார் என்று எல்லோரும் முடிவு கட்டிய நேரத்தில், களிப்பாறையைக் கிடைமட்டமாகத் துளைத்து உயரழுத்தத் தண்ணீரால் உடைத்து எண்ணெய் எடுக்கும் முறை பரவியது. 2023இல் நாளொன்றுக்கு 1 கோடியே 29 லட்சம் பீப்பாய். அவர் கணக்கு தப்பில்லை என்பேன். முதல் பாலுக்கும் இரண்டாம் பாலுக்கும் போட்ட கணக்கு அது, சக்கையை அரைப்பார்கள் என்று அவர் கணக்கில் வரவில்லை.

சரி, அப்படியானால் எப்போதுமே தீராதா என்று கேட்பீர்கள். தீரும். ஆனால் பண்டம் காலியாகித் தீருவது அபூர்வம். அதற்கு முன்னாலேயே வேறு ஏதாவது ஒன்று முடிந்துவிடும்: எடுக்கும் லாபம், இடம், தண்ணீர், கொட்டுவதற்கான குழி, ஊர்க்காரர்களின் பொறுமை. நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

பிரிட்டனைப் பாருங்கள். ஜெவான்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1865லேயே நம் கரி தீரப்போகிறது, அதோடு நம் தொழில்களும் போகும் என்று புத்தகம் எழுதிப் பயமுறுத்தினார். (அதே புத்தகத்தில் அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் இன்றுவரை நிற்கிறது: நீராவி இயந்திரம் கரியைச் சிக்கனமாக எரிக்கக் கற்றால் கரிச் செலவு குறையாது, கூடும், ஏனென்றால் மலிவானதும் எல்லோரும் இயந்திரம் வாங்குவார்கள். எல்இடி பல்பு வந்தபிறகு கல்யாண மண்டபங்களில் தொங்கும் சீரியல் செட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மனுஷன் ஞாபகம் வரும்.) 1913இல் பிரிட்டன் சுமார் 29 கோடி டன் கரி வெட்டியது, பத்து லட்சம் பேருக்கு மேல் சுரங்கத்தில் இறங்கினார்கள். கடைசி ஆழ்சுரங்கம் 2015 டிசம்பரில் மூடப்பட்டது. 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி கரி மின்நிலையமும் நின்றது. 1882இல் லண்டனில் கரியை எரித்துப் பொதுமக்களுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய தேசம், 142 வருடத்தில் கடையைக் கட்டியது. அந்த ஊர் மண்ணுக்கடியில் இன்றும் கரி இருக்கிறது. எடுக்கத்தான் ஆளில்லை.

இனி நெய்வேலிக்கு வருவோம், ஏனென்றால் இந்த விஷயம் முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் அந்தச் சுரங்கத்தின் விளிம்பில் போய் நின்றால் போதும்.

1930களில் அங்கே ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி, எங்கள் வாயில் லிக்னைட். 1956இல் நெய்வேலி லிக்னைட் நிறுவனம், 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தது, 1961இல் கரியைத் தொட்டது, 1962இல் சோவியத் உதவியோடு முதல் யூனிட் ஓடியது என்று வரலாறு வேகமாகப் போகும். ஆனால் அந்த நாலைந்து வருடம் லேசுப்பட்டது இல்லை. மேலே கிடந்தது கடலூர் மணற்கல். ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சத பக்கெட் வீல் இயந்திரங்கள் (சக்கரத்தைச் சுற்றிப் பல் வைத்த வாளிகள் பொருத்தி மண் அள்ளுபவை) அவர்கள் ஊர் மெத்து மண்ணை அள்ளிப் பழகியவை, இங்கே வந்து அதன் பற்கள் தேய்ந்து போயின. பாறையை முதலில் வெடிவைத்துத் தளர்த்தி, பற்களை வேறு உலோகத்தில் செய்து, அப்புறம்தான் வழிக்கு வந்தது.

அதைவிடப் பெரிய சங்கதி தண்ணீர். கரிப் படுகைக்குக் கீழே ஆர்ட்டீசியன் ஊற்று இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும் தண்ணீர். மேலே உள்ள மண்ணை அள்ள அள்ள, அதைக் கீழே அமுக்கி வைத்திருந்த பாரம் குறைகிறது. அப்படியே விட்டால் சுரங்கத்தின் தரை வெடித்துத் தண்ணீர் பீறிட்டு மொத்தமும் மூழ்கிவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்குழாய் போட்டு ராத்திரி பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு நாள் லீவு கிடையாது. ஒரு டன் கரி எடுக்கப் பல டன் தண்ணீரும், ஐந்தாறு கன மீட்டர் மண்ணும் வெளியே போக வேண்டும். அந்த ஊற்று ஒன்றும் சுரங்கத்துக்கு மட்டும் சொந்தமானதில்லை, சுற்றுவட்டார போர்வெல்லுக்கும் அதுதான் மூலம். நீர்மட்டம் இறங்கிவிட்டது என்று அந்தப் பக்கத்து விவசாயி சொல்வதை வெறும் புலம்பல் என்று நான் ஒதுக்க மாட்டேன்.

இத்தனை பாடுபட்டு எடுத்த லிக்னைட்டில் ஏறக்குறைய பாதி ஈரம். பாய்லருக்குள் போட்டதும் எரியும் வெப்பத்தில் ஒரு பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும். ஈர விறகை ஊதி ஊதி எரித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு கிலோ லிக்னைட்டுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம், அதோடு ஒரு கிலோவுக்கு மேல் கரியமில வாயு. இதைக் கப்பலேற்றி வேறு ஊருக்கு அனுப்புவது தண்ணீரைக் கப்பலேற்றுவது மாதிரி, அதனால்தான் சுரங்கத்து வாசலிலேயே மின்நிலையம் கட்டினார்கள். முதல் அனல்மின் நிலையம் அறுபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக உழைத்து 2020இல் ஓய்வு பெற்றது. அது நின்றதற்குக் காரணம் கரி தீர்ந்தது இல்லை, ஆலை கிழடானதுதான்.

இப்போது இருப்புக் கணக்குக்கு வாருங்கள். இந்தியாவின் லிக்னைட் சுமார் 4,600 கோடி டன் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், அதில் ஐந்தில் நான்கு பங்கு தமிழ்நாட்டில். கேட்டால் தலை சுற்றும். ஆனால் அதில் பெரும்பகுதி எங்கே கிடக்கிறது தெரியுமா? மன்னார்குடிப் பக்கம், நெய்வேலியைவிட ஆழத்தில், காவிரி டெல்டாவின் நெல் வயலுக்கு அடியில். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தது. 2023இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்று தொகுதிகளை ஒன்றிய அரசு ஏலப் பட்டியலில் போட்டது, மாநிலத்தில் எழுந்த எதிர்ப்பில் நீக்கியது. அதே வருடம் ஜூலையில் நெய்வேலி பக்கத்து வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியபோது என்ன நடந்தது என்று எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஆக, ஆவணத்தில் கோடிக்கணக்கான டன் இருக்கிறது. எடுக்க முடிந்தது எவ்வளவு என்று கேட்டால் பதிலை நிலவியல் சொல்லாது, நெல்தான் சொல்லும். என்னைக் கேட்டால் அது அங்கேயே கிடக்கட்டும்.

வடக்கே கிடைக்கும் கரி வேறு சாதி. 25 கோடி ஆண்டுக்கு மேல் பழசு. அந்தக் காலத்து ஆறுகள் மரத்தையும் செடியையும் மண்ணோடு சேர்த்து அடித்துவந்து குவித்ததால் சாம்பல் அதிகம். நூறு கிலோவில் 35, 40 கிலோ எரியாத மண். ஒடிசாவின் தால்ச்சரில் ரயிலேறி, பாரதீப்பில் கப்பலேறி, எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ இறங்கும் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த மண்தான். அதற்கும் சேர்த்துத்தான் வாடகை கொடுக்கிறோம். ஒரு 210 மெகாவாட் யூனிட் முழு லோடில் ஓடினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு ரேக், அதாவது ஒரு சரக்கு ரயில் நிறைய, மூவாயிரத்து ஐந்நூறு டன் தின்னும், ஆயிரத்து இருநூறு டன் சாம்பலைக் கக்கும். சிமென்ட் கம்பெனி, செங்கல் சூளை எடுத்தது போக மிச்சத்தைத் தண்ணீரில் கலந்து குட்டைக்கு அனுப்புவார்கள். அந்தக் குழாய் ஒழுகினால் என்ன ஆகும் என்பதற்கு எண்ணூர்க் கழிமுகத்தின் மீனவர்களைக் கேட்க வேண்டும், என்னையில்லை. இந்தியா 2024-25இல் நூறு கோடி டன்னுக்கு மேல் கரி எடுத்தது. மண்ணுக்கடியில் இன்னும் பல தலைமுறைக்கு இருக்கிறது. கரி போதும், சாம்பலுக்கு இடம் போதுமா என்பதுதான் எங்கள் பக்கத்துக் கவலை.

இயற்கை எரிவாயு பற்றி ஒரே ஒரு விஷயம். கிருஷ்ணா கோதாவரிப் படுகையின் டி6 தொகுதியில் 2009இல் வாயு பாயத் தொடங்கியதும் இனி கவலையில்லை என்று ஆந்திராவில் வரிசையாக மின்நிலையம் கட்டினார்கள். 2010ஐத் தாண்டியதும் உற்பத்தி சரிந்தது. புத்தம் புது ஆலைகள் ஓட வாயு இல்லாமல் நின்றன. தீர்ந்துபோவது என்பதை என் வேலைக்காலத்தில் நேருக்கு நேர் பார்த்தது அது ஒன்றுதான்.

இனி அணு. புகை வராதது உண்மைதான், யூனிட்டுக்கு வெளியேறும் கரியமில வாயுவும் கரியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் “புதுப்பிக்க இயலாதது” என்ற சொல்லுக்கும் புகைக்கும் சம்பந்தமே கிடையாது. செலவழித்த வேகத்துக்கு இயற்கை திருப்பி நிரப்புகிறதா என்பது மட்டும்தான் கேள்வி. கரியாவது கோடி ஆண்டு காத்திருந்தால் எங்காவது சதுப்பு நிலத்தில் மறுபடி உருவாகும். யுரேனியம் அதுகூட இல்லை. சூரியனும் பூமியும் பிறப்பதற்கு முன்னால் விண்மீன்களின் சாவில் உண்டான சரக்கு அது, பூமியில் புதிதாக ஒரு கிராம் உண்டாகாது. நாம் கையை வைக்காவிட்டாலும் அது தானாகச் சிதைந்து குறைந்துகொண்டே இருக்கிறது. நமக்கு வேண்டிய யுரேனியம் 235, எழுபது கோடி ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது. இன்று இயற்கை யுரேனியத்தில் அது வெறும் 0.7 சதவீதம். கிட்டத்தட்ட இருநூறு கோடி ஆண்டுக்கு முன்னால் 3 சதவீதத்துக்கு மேல் இருந்தது, அதாவது இன்று உலைகளுக்காக மெனக்கெட்டுச் செறிவூட்டும் (235இன் பங்கைக் கூட்டும்) அளவு அப்போது சும்மா கிடைத்தது. ஆப்பிரிக்காவின் காபோனில் ஓக்லோ என்ற இடத்தில் அந்தக் காலத்தில் நிலத்தடி நீர் புகுந்து தானாகவே அணு உலை ஓடியிருக்கிறது, 1972இல் பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். பொறியாளர் இல்லை, டெண்டர் இல்லை!

நம்ப முடியாதது அதன் அடர்த்திதான். ஒரு கிலோ இந்தியக் கரியில் கிடைப்பது ஒன்றரை யூனிட் மின்சாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கல்பாக்கத்தின் 220 மெகாவாட் உலைகளில் போடும் இயற்கை யுரேனியம் ஒரு கிலோவில் சுமார் 50 ஆயிரம் யூனிட். கூடங்குளத்தின் செறிவூட்டிய எரிபொருளில் கிலோவுக்கு மூன்று, மூன்றரை லட்சம் யூனிட். பார்க்க கூடங்குளம் பலமடங்கு திறமைசாலி போலத் தெரியும், ஆனால் ஒரு கிலோ செறிவூட்டியதற்கு எட்டு ஒன்பது கிலோ இயற்கை யுரேனியம் பின்னால் செலவாகியிருக்கும், கூட்டிக் கழித்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான். கூடங்குளத்து 1,000 மெகாவாட் யூனிட் ஒன்றுக்கு வருடத்துக்கு இருபது, இருபத்தைந்து டன் எரிபொருள் போதும், இரண்டு லாரி லோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே மின்சாரத்தைக் கரியில் எடுக்க ஐம்பது லட்சம் டன், தினம் மூன்று ரேக்குக்கு மேல்.

இந்த இரண்டு லாரி லோடு கிடைப்பதிலும் சிக்கல் உண்டு. ஜார்கண்டின் ஜாதுகுடா மாதிரியான நம் சுரங்கங்களின் தாதுவில் யுரேனியம் மிகவும் சொற்பம், ஒரு சதவீதத்தில் சிறு பின்னம். கனடாவின் சிகார் லேக் சுரங்கத்தில் பத்து சதவீதத்துக்கு மேல். 2006 முதல் 2008 வரை நம் அணுமின் நிலையங்கள் எரிபொருள் பற்றாக்குறையால் பாதி மூச்சில் ஓடின. உலகத்தில் யுரேனியம் இருந்தது, நமக்கு விற்கத்தான் யாரும் இல்லை. 2008 செப்டம்பரில் அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு தன் தடையிலிருந்து இந்தியாவுக்கு விலக்கு கொடுத்தபிறகு ரஷ்யாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் வந்தது. அதுவும் சர்வதேசக் கண்காணிப்பை ஏற்ற உலைகளுக்கு மட்டும், கல்பாக்கம் அந்தப் பட்டியலில் இல்லை, உள்ளூர்ச் சரக்குதான்.

கடல் நீரில் நானூறு கோடி டன்னுக்கு மேல் யுரேனியம் இருக்கிறதே என்று சிலர் கிளம்புவார்கள். இருக்கிறது, ஒரு டன் நீருக்கு மூன்று மில்லிகிராம் வீதம். ஒரு கிலோ வேண்டுமென்றால் மூன்று லட்சம் டன் தண்ணீரிலிருந்து ஒரு துளி விடாமல் பிரிக்க வேண்டும். மன்னார்குடி கதைதான், இருப்பது வேறு எடுப்பது வேறு. எரிந்து முடிந்த எரிபொருளை எங்கே வைப்பது என்ற கேள்வி இடிந்தகரைக்காரர்கள் 2011லிருந்து கேட்பது. அளவில் அது கரிச் சாம்பலுக்கு முன் தூசி, ஆனால் சாம்பல் பல்லாயிரம் ஆண்டு காவல் கேட்காது. இதில் இரண்டு பக்கமும் மற்றவர் சொல்வதில் பாதியைக் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பது என் எண்ணம்.

கடைசியாகத் தோரியம். மணவாளக்குறிச்சி கடற்கரையில் கறுப்பு மணல் அள்ளுகிறார்களே, அதில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, அதில் எட்டு முதல் பத்து சதவீதம் தோரியம் ஆக்சைடு. இந்தியாவிடம் நிறைய இருக்கிறது என்பது மெய். ஆனால் தோரியம் தானாகப் பற்றாது, ஈர விறகு மாதிரி. பக்கத்தில் வேறு ஒன்று எரிந்து நியூட்ரான்களைக் கொடுத்தால்தான் அது யுரேனியம் 233ஆக மாறும், அதுதான் எரியும். அதற்காக அணு விஞ்ஞானி ஹோமி பாபா போட்ட திட்டம் மூன்று படி: முதலில் இயற்கை யுரேனிய உலைகள், அதன் மிச்சத்திலிருந்து புளூட்டோனியம் பிரித்து வேக ஈனுலைகள் (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலைகள்), அவை பெருகியபின் தோரியம். இரண்டாம் படியின் முதல் பெரிய உலை கல்பாக்கத்தில் 500 மெகாவாட்டுக்குக் கட்டுவது. வேலை 2004இல் தொடங்கியது, உலையின் மையத்தை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் ஆரம்பமானது. குளிர்விப்பது திரவ சோடியம், காற்றுப் பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் வெடிக்கும், அதனால் அவசரப்பட முடியாது என்பதும் நியாயம்தான்.

மூன்றாம் படி எங்கே நிற்கிறது என்றால், தோரியத்திலிருந்து பெற்ற யுரேனியம் 233ஐ வைத்து ஓடும் உலை ஒன்று கல்பாக்கத்தில் 1996லிருந்தே இருக்கிறது. பெயர் காமினி. நியூட்ரான்களைக் கொண்டு பொருள்களை ஊடுருவிப் படம் பிடிக்கவும் ஆராய்ச்சிக்கும் வைத்திருக்கிறார்கள், மின்சாரம் எடுப்பதில்லை. அதன் திறன் 30 கிலோவாட் வெப்பம். மார்கழி மாதக் காலையில் ஒரு அபார்ட்மெண்டில் பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் வாட்டர் ஹீட்டர் போட்டால் இழுப்பது அவ்வளவுதான்.